இரவில் நரியாகும் குதிரைகள்

ஆவுடையார்கோவிலுக்குத் திருப்பெருந்துறை என்பது பழைய பெயர். அரிமர்த்தன பாண்டியன் தன் அமைச்சர் வாதவூரரிடம் கஜானாப் பணத்தைக் கொடுத்து, கிழக்குக் கடற்கரையில் வந்திறங்கும் அரபுக் குதிரைகளைப் படைக்கு வாங்கிவர அனுப்பினான். வழியில் இந்த ஊரில் ஒரு குருந்த மரத்தடியில் அமைச்சர் தம் குருவைக் கண்டார். குதிரைக்கு வந்த பணம் கோயிலாகிவிட்டது. (ராணுவ ஒதுக்கீடு இவ்வளவு நல்ல காரியத்துக்குத் திசைமாறிய கதையை வேறெங்கும் நான் படித்ததில்லை.) பிறகு சிவபெருமானே குதிரை வணிகராக வந்து, காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரையில் ஒப்படைத்ததும், அந்தப் பரிகள் ராத்திரி லாயத்தில் மறுபடி நரிகளாகி ஊளையிட்டதும் நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை.

அதில் பலர் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. நரிகள் காட்டுக்கு ஓடும் முன், லாயத்தில் ஏற்கெனவே கட்டிக் கிடந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறின.

போரிலிருந்து திரும்பிய பலரின் வீடு அந்த லாயம்தான். பகலில் ஒரு குறையும் தெரியாது. வயலுக்குப் போவார், பென்ஷன் வாங்குவார், கல்யாணத்தில் மொய் எழுதுவார். விளக்கை அணைத்த பிறகுதான் அவருக்குள் இருப்பது வெளியே வரும். கடிபடுவது பக்கத்தில் கட்டியிருப்பவர்கள், அதாவது மனைவியும் பிள்ளைகளும். இரவில் நடக்கும் இந்த மாற்றத்துக்கு மூளையில் என்ன காரணம், சிலருக்கு அது முப்பது நாற்பது வருடமானாலும் ஏன் ஓயவில்லை என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஆவுடையார்கோவிலிலிருந்து கிழக்கே போனால் கடல். மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கரையோர ஊர்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்ற இந்திய அமைதி காக்கும் படை அங்கே போய் இறங்கியது. அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கு எதிராக 'ஆபரேஷன் பவன்' தொடங்கியதும் அமைதி பெயரில் மட்டுமே மிஞ்சியது. 1990 மார்ச் 24-ல் கடைசி அணி கப்பலேறியபோது 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். காயப்பட்டவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். உடம்பில் கீறல்கூட இல்லாமல் திரும்பியவர்களில் எத்தனை பேர் காயப்பட்டிருந்தார்கள் என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை.

போனவற்றில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களும் உண்டு. 1758-ல் தொடங்கியது என்று தன் வயதைச் சொல்லிக்கொள்ளும் ரெஜிமென்ட் அது. அதன் போர் முழக்கம், 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!' அந்த முழக்கத்தின் பொருள் எதிரே நின்றவர்களுக்கும் புரிந்த போர், இந்திய ராணுவ வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஹவில்தார் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். இவர் நிஜ ஆள் அல்ல. மருத்துவ நூல்கள் விவரிக்கும் அறிகுறிகளை நம் மண்ணில் வைத்துப் பார்க்க நான் வார்த்த ஆள். 1987-ல் அவருக்கு 25 வயது. ஆவுடையார்கோவிலுக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். சர்வீஸ் முடித்து டிரங்குப் பெட்டியோடு வந்து, பிறகு ஒரு வங்கிக் கிளையின் வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்.

மார்கழித் திருவாதிரை. பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு சாமி புறப்பாடு பார்க்க நிற்கிறார். அதிர்வேட்டு வெடிக்கிறது. அடுத்த கணம் அவர் கடலை வண்டிக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். பேரனின் மணிக்கட்டு அவர் பிடியில் சிவந்துபோயிருக்கிறது. மார்கழிக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று கண் நாலாபக்கமும் ஓடுகிறது. அப்புறம் குனிந்து காலைத் தடவியபடி, "செருப்பு வாரு அந்துபோச்சுடா" என்று எழுந்திருக்கிறார். செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் குந்தியபோது 'வெடிச் சத்தம்' என்ற செய்தி இன்னும் அவருடைய சிந்தனைக்கு எட்டவே இல்லை. காதுவழி வந்த ஒலி மூளையின் நடுவேயுள்ள தலாமஸுக்குப் போய், அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மூளைப் புறணிக்குப் போகும் வழி. அங்கேதான் இது வேட்டா குண்டா, ஊர் எது, நாள் எது என்ற ஆராய்ச்சி நடக்கும். இன்னொன்று நேராக அமிக்டலாவுக்குப் போகும் குறுக்கு வழி. ஆபத்தை மோப்பம் பிடிப்பதே அமிக்டலாவின் வேலை. அது காரணம் கேட்காது, முதலில் மணியடித்துவிடும். நியூயார்க்கில் ஜோசப் லெடூ எலிகளிடம் இந்தக் குறுக்கு வழியைத் துருவிக் கண்டுபிடித்தார். பாம்பா கயிறா என்று யோசித்து நின்ற மூதாதைகள் கொத்துப்பட்டுச் செத்தார்கள், துள்ளிக் குதித்தவர்களின் வாரிசுகள் நாம். ஆகவே ஹவில்தாரின் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கண்ணிவெடிச் சாலையில் அவரை உயிரோடு வைத்திருந்த பாடத்தை அது ஒழுங்காகக் கற்றிருக்கிறது. அந்தப் பாடத்தை நிறுத்தத் தெரியாமல் போனதுதான் சிக்கல்.

ஏன் நிறுத்தத் தெரியவில்லை? அபாய நேரத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் வெள்ளமாகச் சுரக்கின்றன. நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது மட்டும் அவற்றின் வேலை அல்ல. 'இதை மறக்காதே' என்று நினைவைப் பதிய வைப்பதும் அவைதான். ஜேம்ஸ் மெக்கா என்ற அமெரிக்க நரம்பியலாளர் இதை ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். சாதாரண நினைவுக்குத் தேதி, இடம் என்ற விலாசம் இருக்கும். அந்த விலாசத்தை எழுதுவது ஹிப்போகாம்பஸ். மிதமிஞ்சிய அச்சத்தில் பதியும் நினைவில் ஒலியும் வாசனையும் உடம்பின் நடுக்கமும் ஆழமாக விழுந்துவிடுகின்றன, விலாசம் மட்டும் மங்கிவிடுகிறது. அதனால் அது 'அன்று நடந்தது' என்று நினைவுக்கு வராமல், இப்போது நடப்பதாகவே வருகிறது.

இங்கேதான் நம் கடற்கரையின் தனிச் சங்கடம். வியட்நாமின் சதுப்பிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கருக்கு அவருடைய ஊரின் மரமே வேறு, மொழியே வேறு. 'இது அந்த இடம் இல்லை' என்று அவருடைய ஹிப்போகாம்பஸுக்குச் சுற்றுப்புறம் ஓயாமல் எடுத்துச் சொல்லும். நம் ஹவில்தார் பனங்காட்டில் சுடப்பட்டவர். திரும்பி வந்ததும் பனங்காட்டுக்கே. பனையோலை வேலி, கிணற்றடி, கோயில் மணி, சாம்பிராணி வாசனை, ஒப்பாரி, எல்லாம் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருக்கிறது. கருக்குமட்டை காற்றில் உரசும் சத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொருள், இந்தப் பக்கம் ஒரு பொருள் என்று பிரித்துச் சொல்லும் வேலை மூளைக்கு எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கோணத்தில் நம் வீரர்களை யாராவது விரிவாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போருக்குப் போனவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாதிப்பு வந்தே தீரும் என்பதில்லை. 1980-களில் வியட்நாம் வீரர்களிடம் அமெரிக்கா எடுத்த பெரிய ஆய்வில், அந்தச் சமயத்தில் பாதிப்போடு இருந்த ஆண்கள் சுமார் 15 சதவீதம். எப்போதாவது ஒரு காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 30 சதவீதம். பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதற்கு ஒரு விசித்திரமான சான்று உண்டு. நாள்பட்ட பாதிப்புள்ளவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருப்பதை ஸ்கேன்கள் காட்டின. போர் அதைச் சுருக்கிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2002-ல் மார்க் கில்பர்ட்சனும் கூட்டாளிகளும் ஒற்றைக் கரு இரட்டையரைத் தேடிப் பிடித்தார்கள். ஒருவர் வியட்நாமுக்குப் போனவர், மற்றவர் வீட்டிலேயே இருந்தவர். போரையே பார்க்காத சகோதரரின் ஹிப்போகாம்பஸும் அதே அளவு சிறியதாக இருந்தது. அப்படியென்றால் சிறுத்திருப்பது ஓரளவு பிறவியிலேயே வந்தது. சிலர் இதற்கு வாகான மூளையோடே போர்க்களம் போகிறார்கள். மன உறுதி குறைவு, கோழைத்தனம் என்ற பேச்சுக்கெல்லாம் இந்த ஆய்வில் இடமே இல்லை.

ஆனால் ராணுவங்கள் நெடுங்காலம் அப்படித்தான் பேசின. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து நடுங்கிக்கொண்டும் வாய் பேசாமலும் வந்தவர்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் 1915-ல் 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். குண்டின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்பது ஆரம்பகால ஊகம். குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் வந்தபோது ஊகம் உடைந்தது. அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காகத் தன் சொந்த ஆட்களையே நிறுத்திச் சுட்டது பிரிட்டிஷ் ராணுவம். அவர்களில் 306 பேருக்கு 2006-ல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் மன்னிப்பு வழங்கினார்கள், அதையும் தொண்ணூறு வருடம் கழித்து.

அந்தக் காலத்தில் ஒரு மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901-02-ல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களுடன் இருந்து அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் இவரே. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இன்று இருக்கும் வெலிங்டனும் அதே மலையில்தான். போர் வந்ததும் ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் மனம் நொறுங்கிய அதிகாரிகளுக்கு ரிவர்ஸ் சிகிச்சை தந்தார். கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் அவரிடம் 1917-ல் வந்த நோயாளி. 'அதையெல்லாம் மறந்துவிடு, நல்லதையே நினை' என்பதுதான் அன்றைய வைத்தியம், வீட்டாரும் அதைத்தான் சொன்னார்கள். மறக்கச் சொன்ன நோயாளிகளுக்கு இரவுக் கனவு மோசமாவதை ரிவர்ஸ் கவனித்தார். பகலில் முயன்று அடக்கியது ராத்திரி பழிவாங்குகிறது என்று 1918-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். சாதாரணச் சிப்பாய்களுக்கு இந்தப் பேச்சுவார்த்தை கிடைக்கவில்லை. லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர் அந்தச் சிப்பாய்களுக்கு மின்சாரம் வைத்தார். வர்க்க பேதம் மனநோய் வார்டுக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ரிவர்ஸ் ஊகித்ததை இன்றைய நரம்பியல் இப்படி விளக்குகிறது. கற்ற அச்சம் அழிவதில்லை. அதன்மேல் 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் படிய வேண்டும். அந்தப் பாடத்தை எழுதுவது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி. பழைய நினைவு எழ வேண்டும், எழுந்தும் கெடுதல் எதுவும் நேராமல் இருக்க வேண்டும், அப்போதுதான் அது எழுதும். பாதிக்கப்பட்டவர் என்ன செய்கிறார்? நினைவூட்டும் எதையும் நெருங்குவதில்லை. திருவிழாவுக்குப் போவதை நிறுத்துகிறார், பழைய சகாக்களின் போனை எடுப்பதில்லை, டி.வி.யில் சண்டைக் காட்சி வந்தால் எழுந்து போகிறார், கேண்டீன் ரம்மைக் குடித்துவிட்டுப் படுக்கிறார். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அந்தக் கணம் நிம்மதி. ஒவ்வொரு முறையும் புதிய பாடம் எழுதும் வாய்ப்பும் போகிறது. வீட்டாரும் 'அவர்கிட்ட அந்தப் பேச்சே எடுக்காதே' என்று பிள்ளைகளை அடக்கி, அன்பால் அதே தவறைச் செய்கிறார்கள்.

1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்தப் பாதிப்பைத் தன் கையேட்டில் சேர்த்தது. தமிழில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறோம், டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்று சுருக்கிவிடுவார்கள். ஆனால் அந்தக் கையேடு அச்சத்தையே பெரிதாகப் பார்த்தது. அச்சத்தைவிட நெடுநாள் நிற்பது ஒன்று உண்டு.

1987 அக்டோபர் 21, தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். புலிகளோடு நடந்த மோதலில் நேர்ந்தது என்றது இந்தியத் தரப்பு, பிழைத்தவர்கள் அதை மறுத்தார்கள். அங்கே நம் ஹவில்தார் இல்லை. ஆனால் அந்த வாரங்களில் அவரும் வீடு வீடாகச் சோதனைக்குப் போனார். ஒரு கிழவி தமிழில் கும்பிட்டுக் கெஞ்சியதை, மொழி தெரியாத தன் அதிகாரிக்கு அவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதிகாரி கேட்டதை அவர் அந்தக் கிழவியிடம் அதட்டலாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அவர் உயிருக்கு ஆபத்தில்லை, அச்சமும் இல்லை. பின்னாளில் அவரை வருத்துவது குண்டுச் சத்தமா இந்தக் குரலா என்றால், குரல்தான் என்பேன். ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் வியட்நாம் வீரர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு அறக்காயம் என்று தனியே பிரித்தார். தான் சரியென்று நம்பிய ஒன்றுக்கு எதிராகத் தானே நடந்துகொண்டது, அல்லது நம்பிய மேலிடம் தன்னை அப்படி நடக்கவைத்தது. 'இப்போது ஆபத்தில்லை' என்ற பாடத்தால் இந்தக் காயம் ஆறாது. இதற்கு மருந்து மாத்திரையும் இல்லை. குற்றவுணர்வை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும். கேட்பவர் முகம் சுளிக்காமலும், 'நீ செய்தது சரிதான்' என்று உடனே சமாதானம் சொல்லி வாயை அடைக்காமலும் கேட்க வேண்டும்.

இவர்களுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. 1990 மார்ச்சில் சென்னையில் வந்திறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. ஈழத்தமிழர் உயிரைப் பறித்த படையை எப்படி வரவேற்பது என்ற கேள்வி அன்று தமிழ்நாட்டின் பாதி வீடுகளில் இருந்தது, அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. ஆனால் போரைத் தீர்மானித்தவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் இருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டது பஸ்ஸில் ஊருக்குப் போன சிப்பாயிடம். இந்தப் படைக்கு இலங்கையே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறது, கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019-ல்தான் திறந்தது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. 2000-ஆம் ஆண்டில் கிறிஸ் புரூவினும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கல்வி, வயது, முன்பே மனநோய் இருந்ததா என்பவற்றைவிட, சம்பவத்துக்குப் பிறகு சுற்றியிருப்பவர்களின் ஆதரவு இல்லாமல் போவதே நோய் வருவதற்கான வலுவான காரணங்களில் ஒன்று என்று தெரிந்தது. போர்க்களத்தில் என்ன நடந்தது என்பது பாதிக் கதைதான். வீட்டுத் திண்ணையில் என்ன நடந்தது என்பது மீதிக் கதை.

திண்ணைக்கு உள்ளே போவோம். ஹவில்தாரின் மனைவிக்குத் தெரிந்த ஒரு விஷயம் எந்த டாக்டரும் சொல்லிக்கொடுத்ததில்லை: அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. கல்யாணமான புதிதில் தோளைத் தொட்டு எழுப்பியதில் மணிக்கட்டு முறுக்கப்பட்டது. அன்றிலிருந்து நிலைப்படியில் நின்றுகொண்டு, "என்னங்க... என்னங்க..." என்று மூன்று நான்கு தடவை கூப்பிடுவார். கண் திறந்து, தன்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று தெரிந்த பிறகுதான் காபியோடு கிட்டே போவார். சாப்பாட்டுத் தட்டு ஓசையில்லாமல் கழுவப்படும். கதவு அறைந்து சாத்தப்பட மாட்டாது. அப்பா வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை எடுப்பார்கள், படிப்பதற்காக அல்ல. முப்பது வருடம் இப்படி நடந்தால் அந்த அம்மாளின் அமிக்டலாவும் காவல் பழகிவிடும். இஸ்ரேலில் ஸஹாவா சாலமன் 1982 லெபனான் போரில் மனம் நொறுங்கிய வீரர்களின் மனைவியரைப் பரிசோதித்தபோது, போர்முனையைக் கண்ணால் பார்க்காத அவர்களிடமும் மனநலக் குறைபாடுகள் கூடுதலாக இருந்தன. அவருடைய இன்னொரு முடிவு நமக்கு முக்கியம். 1973 போரில் சிறைப்பட்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்ததில், வயதாக ஆகப் பாதிப்பு குறையவில்லை, கூடியது. வேலையும் பிள்ளைகளின் கல்யாணமும் பகலை நிரப்பிக்கொண்டிருந்தவரை அடங்கியிருந்தது, ஓய்வு பெற்றதும் தலைதூக்குகிறது. 1987-ல் போன நம் ஆட்கள் இப்போதுதான் அந்த வயதில் இருக்கிறார்கள்.

பிள்ளைகளின் மரபணுவிலேயே போர் எழுதப்பட்டுவிடுகிறது என்று தலைப்புப் போடும் பத்திரிகைகளை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். மனிதர்களில் அதற்கான சான்று இன்னும் மெலிந்ததுதான், சிறிய எண்ணிக்கை ஆய்வுகளே அதிகம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கொடுஞ்சிறையில் கிடந்தவர்களுக்குப் போருக்குப் பின் பிறந்த மகன்கள் சீக்கிரம் இறந்ததாக 2018-ல் டோரா கோஸ்டா குழு காட்டியது சுவையான முடிவு. ஆனால் மகள்களிடம் அந்த விளைவு தெரியவில்லை. என் கருத்தில், நிலைப்படியில் நின்று கூப்பிடும் அம்மாவைப் பார்த்து வளர்வதே போதுமான விளக்கம்.

நம் பழைய இலக்கணக்காரர்களுக்கு இந்த மனைவியைத் தெரிந்திருந்தது. தொல்காப்பியம் காஞ்சித் திணையில் தொடாக் காஞ்சி என்று ஒரு துறையை வைக்கிறது. புண்பட்டு வீடு வந்த கணவனைப் பேய் அண்டாமல் மனைவி காத்து நிற்பது அதன் பொருள். வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு புகைத்து, யாழ் மீட்டிக் காக்கும் காட்சிகள் புறநானூற்றில் வருகின்றன. வெற்றி விழாவுக்கும் நடுகல்லுக்கும் துறை வகுத்தவர்கள், காயத்தோடு வீடு திரும்பியவனுக்கும் ஒரு துறை ஒதுக்கினார்கள். ஊரே கூடி அந்தக் காயத்தை ஒப்புக்கொண்டது என்பதே எனக்கு அதில் பெரிய விஷயம்.

அக்கரையின் கணக்கையும் சொல்லாமல் இந்த அத்தியாயம் முடியாது. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் அழியாநிலையில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. திருமயம் பக்கம் லேணாவிளக்கிலும் இருக்கிறது. ஹவில்தார் ஏறும் அதே டவுன் பஸ்ஸில், அவர் அன்று சோதனை போட்ட தெருவிலிருந்து வந்த குடும்பம் ஏறக்கூடும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அறிகுறிகள், ஒரே மொழி. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1993-லேயே 'மனவடு' என்று தமிழில் ஒரு நூல் எழுதினார். தனிமனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே நோய்ப்படுகின்றன என்பது அவர் வாதம். போர் முடிந்த 2009-ல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்று 'ஜாமா' இதழில் வந்தது. பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் 7 சதவீதம் பேரிடம், மனச்சோர்வு 22 சதவீதம், பதற்றம் 32 சதவீதத்துக்கும் மேல். காணாமல் போனவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரியில் உட்கார்ந்த போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. வியட்நாமில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களிடம் பாலின் பாஸ் கண்டறிந்த துயரம் இவர்களுடையது: செத்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று சிரிக்கவும் முடியாது. காரியம் செய்து முழுகினால்தான் துக்கம் கழியும் என்று நம்பும் சமூகத்தில் இது இரட்டை வதை.

சிகிச்சை உண்டா? உண்டு, நன்றாகவே உண்டு. பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, அந்த நினைவைத் திரும்பத் திரும்பப் பாதுகாப்பான அறையில் சொல்லவைப்பது அதில் முதன்மையானது. எட்னா ஃபோவா செம்மைப்படுத்திய முறை. முன்மூளைக்குப் புதிய பாடம் எழுதக் கொடுக்கும் வாய்ப்பு அதுதான். செர்ட்ரலின், பராக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் பலருக்கு ஓரளவு கைகொடுக்கின்றன. கெட்ட கனவுக்குப் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை அற்புதம் செய்யும் என்று கொண்டாடினார்கள், 2018-ல் வந்த பெரிய சோதனையில் அது வெறும் சர்க்கரை மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மௌனம் கெடுதல் என்பதால், வலியப் பிடித்து உட்காரவைத்து 'சொல்லு, சொல்லு' என்பது மருந்தாகிவிடாது. சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை பயன் தரவில்லை என்றே ஆய்வுகள் காட்டின. அவர் சொல்ல வரும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் முதலில் போவது மருத்துவரிடம் அல்ல. பயந்த கோளாறு என்று கயிறு கட்டுவார்கள், மந்திரிப்பார்கள், குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ அழைத்துப் போவார்கள். திருநீறு பூசுவதை நான் கேலி செய்யமாட்டேன். குடும்பமே கூடப் போய், 'உனக்கு நோய்தான், உன் குற்றமில்லை' என்று சொல்லும் சடங்கு அது. ஆனால் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பட்டாளத்துக்காரர் இருந்தால், அவரோடு அவர் மனைவியையும் சேர்த்து அழைத்துப் போங்கள். முன்னாள் படைவீரருக்கும் குடும்பத்துக்கும் 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் புதுக்கோட்டையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முகாமில் இருப்பவர்களும் அங்கே போகலாம். பஸ் ஏறத் தயங்கினால் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.